நூற்று அறுபது காலை ஈசுரமூலி

2025 நவம்பர் 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். ஐந்து ஐம்பதுக்கு, வெந்நீரில் கால் ஸ்பூன் ஈசுரமூலி வேர்ப்பொடியைக் கலக்கி மனைவியிடம் கொடுத்தேன். அவளுடைய மூட்டுவலிக்காக. வேர் எங்கள் வேலியில் படர்ந்த கொடியுடையது; தோண்டி, காயவைத்து இடித்தது நான்தான்.

சில வாரங்களாக அவளுக்குச் சோர்வு; கால்களில் லேசான வீக்கம். ஏழு மணி பஸ்ஸில் மலையிலிருந்து சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் மனைவி. அவளுக்கு அந்த வேர்ப்பொடி மருந்துக் கணக்கிலேயே சேராது.

நான் பையிலிருந்த டைரியைப் பிரித்தேன். ஜூன் 3 முதல் இன்றுவரை, கல்யாணத்துக்குப் போன இரண்டு நாள் நீங்கலாக, நூற்று அறுபது காலை. வேரின் பெயரைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதுல இருக்கிற நச்சு செல்லுக்குள்ள போய் டி.என்.ஏ.வோட ஒட்டிக்கும். அப்புறம் செல் பெருகும்போது அந்த இடத்துல தப்பு விழும். கிட்னி கெடலாம். மூத்திரப் பாதையில பல வருஷம் கழிச்சுக்கூடப் புற்று வரலாம்."

"நிறுத்திட்டா சரியாயிடுமுங்களா?"

"புதுசா சேராது. ஒட்டினது சீக்கிரம் போகாது. எல்லாருக்கும் வரும்னு இல்ல, ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும். நாளைக்குக் காலையில முதல் மூத்திரத்தை இந்தக் குப்பியில பிடிச்சுக் கொண்டாங்க."

வெளியே வந்ததும் மனைவி, "ஏனுங்க, போலீஸ் டேசன்ல கூட இப்படி நோட்டை விரிச்சு ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலியில் முளைத்தது என்ன செய்துவிடும் என்று, அவள் கசப்பில் முகம் சுளித்த நாளெல்லாம் சொன்னவன் நான்.

காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறும்போது அவள் என் தோளில் தூங்கிவிட்டாள். நான் அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்பு வார் பதிந்த தடம் வீடு வரும்வரை மறையவில்லை. மாலையில் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். அவளுக்குள் போனதை எதைக் கொண்டு பிடுங்குவது என்று தெரியவில்லை.

"பஸ்ஸுல அந்தக் குப்பிய நான் தூக்கிட்டு வரமாட்டேன், சொல்லிப்போட்டேன்" என்று படுக்கும்முன் சொன்னாள். நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஐந்து இருபதுக்கு, அடுப்பு மூட்டும்முன், குப்பியில் அவள் பெயரும் தேதியும் எழுதி அவள் கையில் கொடுத்தேன்.