என் தெருவில் அவள் எடுத்த படம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புகைப்பட வகுப்பு நடந்தது. அதில் சேர்ந்தவன் நான். என் மனைவி சேரவில்லை, கூட வந்தாள். மகள் பினாங்குக்குப் படிக்கப் போன பிறகு ஞாயிறுகளில் வீட்டில் பேச ஆளில்லை. நீங்கள் படிக்கிற நேரத்தில் நான் பூவும் சாமானும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, கிள்ளானில் என்னோடு கொமுட்டர் ரயில் ஏறினாள்.

எங்கள் சொந்தத்தில் கேமரா என்றால் நான்தான். கல்யாணம், காதுகுத்து, தீபாவளி, மொரிப் கடற்கரைக்குப் போன நாட்கள் எல்லாவற்றையும் எடுத்தவன் நான். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியைப் பார்க்கிறவனுக்கு, நன்றாகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதை முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு நல்ல கேமராவும் வாங்கியிருந்தேன்.

முதல் வகுப்பன்று கொட்டுகிற மழை. அவளால் வெளியே போக முடியவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவளை எங்கள் ஆசிரியை பார்த்துவிட்டார். கல்யாணப் படங்கள் எடுக்கிற பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. “ஆன்டி, சும்மா ஏன் உட்கார்ந்திருக்கீங்க? ஃபோன் இருக்குல்ல?” என்று கேட்டு, அவளுடைய ஃபோன் திரையில் நாலு கோடுகள் வரும்படி செய்து கொடுத்தார். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. படம் ஒன்பது கட்டமாகப் பிரிந்தது.

எடுக்கிற ஆளை நடுக்கட்டத்தில் வைக்காதீர்கள், கோடுகள் வெட்டுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். எனக்கு அது, பொட்டை நெற்றி நடுவில் வைக்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது. நான் இத்தனை வருடமாக எல்லோரையும் நடுவில்தான் நிற்க வைத்திருந்தேன்.

பிறகு வந்த வாரங்களில் மற்றவை வந்தன. சாலை, தண்டவாளம், கைப்பிடிச் சுவர் இவையெல்லாம் பார்ப்பவரின் கண்ணை உள்ளே கூட்டிப்போகும். ஒருவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் பெரிய விஷயம். நான் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவள் எதையும் பார்க்கவில்லை. கிளினிக்கில் பதிவு முகப்பில் அவளுக்கு வேலை. போகும்போதும் வரும்போதும் ஃபோனை எடுத்து ஏதோ செய்வாள், அவ்வளவுதான். பூ வாங்கப் போகிறேன் என்ற பேச்சு மட்டும் நின்றுபோனது.

ஒரு வாரம், பெரியதையும் சிறியதையும் ஒரே படத்தில் காட்டுங்கள் என்று வீட்டுவேலை கொடுத்தார். நான் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளைச் சாயங்கால வெளிச்சத்தில் தூரத்திலிருந்து எடுத்து அனுப்பினேன். அடுத்த வகுப்பில், யார் எடுத்தது என்று சொல்லாமல் எல்லாப் படங்களையும் சுவரில் காட்டினார். என்னுடையதில் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. நல்ல வெளிச்சம் என்றார் மிஸ்.

அதற்குப் பிறகு ஒரு படம் வந்தது. படத்தின் பெரும்பகுதியை ஒரு லோரிச் சக்கரம் அடைத்துக்கொண்டிருந்தது. கறுப்பு ரப்பரில் காய்ந்த சேறு. கீழே வலது ஓரத்தில், பிளாஸ்டிக் முக்காலியில் ஒரு டிரைவர் உட்கார்ந்து, பையில் கட்டிய தே ஐஸை, அந்தக் குளிர்ந்த தேநீரை, உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் பார்வை படத்துக்கு வெளியே எங்கோ போயிருந்தது. அந்தச் சக்கரம் அவருக்கு ஒரு வீடு மாதிரியும் இருந்தது, அவரை எந்த நிமிடமும் நசுக்கிவிடும் போலவும் இருந்தது.

காஜாங்கிலிருந்து வருகிற ஒரு இளைஞன் விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருந்தான். அவனுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கையைத் தூக்கி, “இத எடுத்தவருக்குக் கண்ணு இருக்கு மிஸ். இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வராது,” என்றேன்.

மிஸ் சிரித்தார். “அங்கிள், இது ஆன்டி எடுத்து அனுப்பினது. உங்க தெருவாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற முனையில் லோரிகள் நிற்கிற இடம் அது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். சுவரில் அதை அவ்வளவு பெரிதாகப் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ரயிலில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி, “அதிர்ஷ்டம்லா. அந்த ஆளு அந்த நேரத்துல அங்க உட்கார்ந்திருந்தான்,” என்றேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள். அவள் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குச் சீக்கிரமே கிளம்பினேன். லோரி முனையில் குனிந்தும் உட்கார்ந்தும் படம் எடுத்தேன். சக்கரம் இருந்தது, சேறு இருந்தது, டிரைவர்களும் இருந்தார்கள். அபராதம் போட வந்தவன் என்று நினைத்து ஒருவர், “என்ன பாஸ், சம்மனா?” என்று பயந்து கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் விற்பனைக்கு வைத்த லோரிகளின் படம் மாதிரி இருந்தன. அவளுடைய ஃபோன் மேசையில் கிடப்பதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அலுவலகத்தில் யாரையாவது பார்த்துப் பொறாமைப்பட்டால் வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன். இதை யாரிடம் சொல்வது?

கடைசியில் அவளிடமேதான் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எப்படி உனக்கு இதெல்லாம் தெரிகிறது என்றேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“நீங்க எப்பவும் என்னை நிக்க வச்சு எடுப்பீங்க. சரி பண்ணி எடுக்க ரொம்ப நேரம் ஆகும். அதுவரைக்கும் நான் உங்களுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்படியே பழகிடுச்சு.”

குறையாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் பழைய ஆல்பங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் அவள் கண் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கேமராவைப் பார் என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அவளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். இதில் என்ன பார்த்தாய், இதில் என்ன? பல படங்களில் மறந்துவிட்டது என்றாள். சிலவற்றைச் சொன்னாள். மொரிப்பில் ஒரு சீனக் கிழவர், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்தாராம். செமினியில் என் தங்கை கல்யாணத்தன்று, மண்டபத்து வாசலில் மேளக்காரர் ஒருவர் தவிலைத் தலைக்கு வைத்துத் தூங்கினாராம். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று, ஒரு அம்மா காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம்.

கேட்கக் கேட்க என் பொறாமை இடம் மாறியது. மிஸ் பாராட்டியதும் மற்றவர்கள் கைதட்டியதும் சின்ன விஷயமாகிவிட்டன. அந்த நாட்களில் எல்லாம் நானும் அங்கேதான் இருந்தேன். அந்த ஒவ்வொரு நாளும் அவளிடம் இரண்டாக இருக்கிறது, நான் எடுத்த படத்தில் இருப்பதும் என் முதுகுக்குப் பின்னால் நடந்ததும்; என்னிடம் ஒன்றுதான். இதை எந்த வகுப்பில் சேர்ந்து சரிசெய்வது?

வகுப்புகள் எல்லாம் முடிகிறபோது மேல்மாடிச் சுவரில் எல்லோருடைய படங்களையும் மாட்டினார்கள். லோரிப் படத்துக்கு முன்னால் எப்போதும் யாராவது நின்றார்கள். ஒருவர் என்னிடம் வந்து, நீங்கள் அந்த அக்காவின் வீட்டுக்காரரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

இப்போது வகுப்பு இல்லாவிட்டாலும் ஞாயிறுகளில் இருவரும் வெளியே போகிறோம். என் கேமராவைக் கொடுத்துப் பார்த்தேன், கனமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். போன வாரம் காஜாங்கில், இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடுகிற ஒரு சாத்தேக் கடையில், புகைக்குள் ஆடுகிற விசிறியையும் அதைப் பிடித்த ஒரு கையையும் மட்டும் எடுத்தேன். மீதியை விட்டுவிட்டேன். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னாள்.

அவள் அன்று என்ன எடுத்தாள் என்று நான் உடனே கேட்கவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான். என்னுடையதை ஒரு தடவை ஆசை தீரப் பார்த்து முடித்த பிறகுதான் அவளுடையதைக் காட்டச் சொல்வேன்.