ஆரணியில் ஏறிய தேவிகாபுரம்

செய்யார் தொழிற்பேட்டையில் எங்களுடையது ஷூ தைக்கும் கம்பெனி. அங்கே எல்லாமே பதிவாகும். கேட்டில் கார்டு வைத்தால், கேன்டீனில் தட்டு எடுத்தால், கம்பெனி பஸ்ஸில் ஏறினால், தையல் மிஷின் சும்மா நின்றால்கூட. இப்படி நாள் முழுக்கக் குவியும் தகவலைப் பார்த்துத்தான் எந்த லைனுக்கு ஆள் கூட்டுவது, எந்த பஸ்ஸை நிறுத்துவது என்று மேனேஜர்கள் முடிவெடுப்பார்கள். அந்த அறிக்கைகளைத் தயாரிப்பது என் வேலை.

டீசல் செலவைக் குறைக்க பஸ் அறிக்கை ஒன்று கேட்டார்கள். ஆள் ஏறாத நிறுத்தங்களை சிஸ்டம் சிவப்பில் காட்டியது. பட்டியலின் உச்சியில் தேவிகாபுரம். அங்கே ஒருவரும் ஏறுவதில்லை, பஸ் ஆரணியிலிருந்தே கிளம்பினால் போதும் என்றது.

நானும் அதே பஸ்தான். ஆரணியில் நான் ஏறும்போதே பின்பக்க சீட்டெல்லாம் தேவிகாபுரத்துப் பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நடப்பது எனக்குத் தெரியும். படியில் இருக்கும் கார்டு மிஷின் ஒரே தடவையில் எடுக்காது. ஒவ்வொருத்தியும் நின்று வைத்தால் நேரம் போகும். பஸ்ஸே லேட்டாகப் போனாலும் தொழிலாளிக்குத்தான் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் எல்லோரும் ஏறியதும் கார்டை ஓர் அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். ஆரணியில் டிரைவர் டீ குடிக்க இறங்கும்போது அக்கா படியோரம் நின்று ஒவ்வொன்றாக வைப்பார். சிஸ்டத்துக்கு அத்தனை பேரும் ஆரணியில் ஏறியவர்கள்.

அடுத்தவர் கார்டை வைத்தால் கம்பெனியில் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் பஸ் போகும். அந்த நேரத்துக்கு தேவிகாபுரத்திலிருந்து வேறு பஸ் இல்லை. எதற்கும் வரிசை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். போனில், ஒன்று சொல்வது, இரண்டு சொல்லாமலிருப்பது என்று எழுதினேன். மூன்று என்று எழுதியதற்கு எதிரே எதுவும் வரவில்லை.

மறுநாள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க ஸ்டாப்ப எடுக்கப் போறாங்க."

"யாரு?"

"சிஸ்டத்துல அங்க யாருமே ஏறலன்னு வருது."

"அப்ப நாங்கள்லாம் பேயா?" என்றாள் பின்சீட்டுக்காரி. சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"நீ தெனம் பாத்துகினுதானே வர? போய் சொல்லேன்."

"சொன்னா, கார்டு வச்சது யாருன்னு கேப்பாங்கக்கா."

அக்கா மடியிலிருந்த கார்டுகளைப் பைக்குள் தள்ளினார். "பொண்ண இப்பதான் நர்சிங்ல சேத்திருக்கிறேன். பேஜார் பண்ணிடாத கண்ணு."

"நாளையிலேர்ந்து அவங்கவங்க ஏறும்போதே வச்சிடுங்க. மத்தத நான் பாக்கறேன்." பார்க்க என்னிடம் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மேனேஜரிடம், "எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் நேர்ல போய் எண்ணிப் பாக்கலாம் சார்" என்றேன்.

"டேட்டா இருக்கும்போது ஆள் எதுக்கும்மா?"

"ஒரே ஒரு நாள் சார்."

வியாழக்கிழமை டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரை அனுப்புவதாகச் சொன்னார்.

அன்று ஆரணியில் நின்றிருந்தேன். வழக்கமான நேரம் தாண்டியும் பஸ்ஸைக் காணோம். பழக்க தோஷத்தில் கார்டுகள் அக்கா கைக்குப் போயிருக்குமோ, சூப்பர்வைசர் பார்த்திருப்பாரோ என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பஸ் வந்தது. சூப்பர்வைசர் முன்சீட்டில் இருந்தார். அக்காவின் மடி காலியாக இருந்தது. "ஒரு டீ குடிக்க வழியில்ல" என்று டிரைவர் முனகிக்கொண்டே வண்டியை எடுத்தார். போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் அரை நாள் சம்பளம் போனது. நான் ஆபீஸ் ஸ்டாஃப். எனக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை.

"பஸ் ஃபுல்லாதான் இருக்குது. அந்த கார்டு மிஷின் இவ்ளோ நாளா சரியா வேலை செய்யல போல" என்றார் மேனேஜர். சூப்பர்வைசரின் எண்ணிக்கையை நான் சிஸ்டத்தில் ஏற்றினேன். தேவிகாபுரம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

அடுத்த இரண்டு நாளும் பஸ் லேட். கொஞ்சம் முன்னதாகக் கிளம்பச் சொல்லலாமா, இன்னொரு மிஷின் வைக்கலாமா என்று கேட்டேன். "ஒரு மாச டேட்டா வரட்டும், பாப்போம்" என்றார். ஒரு மாதம் தினம் அரை நாள் போனால் அந்தப் பெண்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

இன்று காலை ஆரணிக்கு பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. டிரைவர் டீக்கடையில் நின்றார். படியோரம் அக்கா, கையில் கார்டுக் கட்டு. என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் என் கார்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். முதுகுக்குப் பின்னால் மிஷின் கூவத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று.

ஆபீஸில் திரையைத் திறந்தேன். தேவிகாபுரத்துக்கு எதிரே பூஜ்யம். இன்னும் பச்சையில்தான் இருக்கிறது. வாரக் கடைசியில் சிஸ்டம் தானாகக் கணக்குப் போடும்போதுதான் நிறம் மாறும்.