வலது கைக்கு வைத்த பொத்தான்கள்

பிள்ளைகளா, ஆலந்தலை மாமா நம் வீட்டு வாசலை ஏன் மிதிப்பதில்லை என்று இனி உங்கள் அம்மாவைக் கேட்காதீர்கள். அவள் வருவதற்கு முந்தின கதை அது. காரணம் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுத் துறைமுகம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், அங்கே விஞ்சு எந்திரம் ஓட்டினார். ஒருநாள் சரக்கு தூக்கும்போது இரும்புக் கயிறு சுருண்டு, வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோனது. வேலையும் போனது. அதற்குப் பிறகு யாரும் அவரை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை.

நான் கப்பல்களுக்கு மின்சார வேலை செய்யும் பட்டறையில் இருந்தேன். மாதா கோயில் திருவிழாவில் ஒரு விளையாட்டுக் கடை போட இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஐந்து பல்பு, ஐந்து பொத்தான். மோட்டார் சுற்றச் சுற்ற பல்புகள் மாறி மாறி எரியும். எரிகிற பல்புக்கு உரிய பொத்தானை, அது அணைவதற்குள் அமுக்கினால் மணி அடிக்கும். வயரிங் என்னுடையது, பெட்டி அத்தானுடையது. கடையில் உட்கார்ந்து ஆடிக் காட்டுவதும் அவர்தான் என்று பேச்சு. இது நடந்தால் திருவிழா திருவிழாவாகப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்.

முதலில் பொத்தான்களை நேர் வரிசையில் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு கடுத்தது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு வரிசையில் நிற்கிற விரல் இல்லை. அதனால் பட்டறை ஆட்கள் ஆறு பேரை வலது கையில் கிரீஸ் தடவி, பழைய பேப்பரில் பதிக்கச் சொன்னேன். ஆறிலும் நாலு விரல் நுனிகள் ஒரு வளைவாக வந்தன. கட்டைவிரல் கீழே, இடப்பக்கம் தள்ளி விழுந்தது. அத்தானும் கையைப் பதித்தார்.

"அண்ணாச்சிக்கு ரெண்டு பொத்தான் மிச்சம்லா" என்றான் வெல்டர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஏலே மாப்ள, நேரா வச்சாத்தான் நான் இடது கையால அடிக்க முடியும். வளைச்சா எனக்கு ஆகாதுல" என்றார் அத்தான்.

"நேரா வச்சா வாரவனுக்குக் கை கடுக்கும் அத்தான். ரெண்டாம் ஆட்டத்துக்கு நிக்க மாட்டான்."

"அப்பம் நான் எப்படி ஆடிக் காட்டுறது?"

"பழகிருவீங்க."

பெட்டியின் மேல்பலகையில் வளைவாகவே ஓட்டை போட்டேன். கை சாய்ந்து உட்காருகிற மாதிரி பலகையையும் கொஞ்சம் சரித்தேன். மணிக்கட்டு படுகிற விளிம்பை அத்தான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்.

திருவிழாவில் ஆடினவர்கள் எல்லாரும் பலகையை மெச்சினார்கள். "கைய வச்ச ஒடனே தானா உக்காருது" என்றான் ஒருவன். ஆனாலும் ராட்டினத்துப் பக்கம் போகிற கூட்டம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் சாத்தான்குளத்து வியாபாரி ஒருவர், "நீங்க ஒருக்கா ஆடுங்க அண்ணாச்சி, பாப்போம்" என்றார். அத்தான் இடது கையைத் திருகி வைத்து ஆடினார். பத்து விளக்கில் மூன்றுக்குத்தான் மணி அடித்தது. வலது கையை வைத்தார். இரண்டு.

"மிச்ச விரல வீட்டுல வச்சிட்டு வந்துட்டாரு போல" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்புச் சத்தம் கேட்டு ராட்டினத்துப் பக்கமிருந்து ஆள் வந்தது. நான் அதைப் பார்த்தேன். ஆள் கூப்பிட வைத்திருந்த தகரக் குழலை எடுத்து வாயில் வைத்தேன்.

"மூணு விரல ஜெயிக்க வாங்க. ஜெயிச்சா ஒரு சோப்பு."

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே சொன்னேன்.

ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அத்தான் ஓர் ஆட்டம், எதிராளி ஓர் ஆட்டம். ஒவ்வொருவரிடமும் தோற்றார். நெற்றி வியர்வை பலகையில் சொட்டியது. ஒருமுறை என் பக்கம் திரும்பி, "போதும்ல மாப்ள" என்றார்.

"இன்னும் நாலு பேரு நிக்கான். முடிச்சிருவோம்" என்றேன்.

அவருக்குச் சோறு கொண்டுவந்த அக்கா கூட்டத்துக்குள் நின்று ஒரு முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள். நான் குழலில் கத்திக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நேராக வந்து தூக்குச்சட்டியைப் பொத்தான்களின் மேலேயே வைத்தாள். அத்தானிடம், "எந்திரிங்க" என்றாள். என்னிடம், "நல்லாத்தான்ல செஞ்சிருக்க. எல்லாரு கைக்கும் பொருந்துது" என்றாள்.

விரல் போன நாளிலிருந்து அந்தக் கையை அத்தான் மறைத்ததே இல்லை. அன்றைக்கு வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

நேர் வரிசையில் இன்னொரு பலகை செய்து வைத்திருக்கலாம், பிள்ளைகளா. அவர் ஆடும்போது நாலு திருகாணியைக் கழற்றி மாற்றினால் போதும். அது எனக்கு அப்போதே தெரியும்.

வரிசை கலைந்தது. தட்டியை இறக்கிக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறும் சாளைமீன் குழம்பும் இருந்தன. மூன்று விரலால் முள் எடுக்கச் சிரமப்படுவார் என்று அக்கா ஒவ்வொரு மீனிலும் முள்ளை நீக்கி வைத்திருந்தாள். எனக்குப் பசித்தது. ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன்.