மாடி ஏறும் பேட்டரி

போன வியாழக்கிழமை காலை மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின படியில் கால் நின்றுவிட்டது. கீழே தரையைக் காணவில்லை. தண்ணீர்!

மட்டாஞ்சேரியில் கார்த்திகை பிறந்தால் காயல் தண்ணீர் வீட்டுக்குள் வருவது புதிதல்ல. கடல் பொங்கும்போது வரும் இதை வேலியேற்றம் என்போம். ஓடை வழியாக ஏறும், மணிக்கணக்கில் நிற்கும், இறங்கிப் போகும். விருந்தாளியைப் போலத்தான்... நாங்கள் தயாராகவே இருப்போம். ஃபிரிட்ஜ் செங்கல் மேல். மிக்ஸி அலமாரி மேல். அரிசி டின் மாடியில்.

அன்றைக்குத் தண்ணீரைக் கண்டு நான் பயப்படவில்லை. தண்ணீருக்கு நடுவே எரிந்த சிவப்பு விளக்கைக் கண்டுதான் பயந்தேன்.

அது என் மகள் மல்லிகாவுடைய எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் சார்ஜர். கலூரில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை. தினமும் இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நசுங்கிப் போய் வருவாள். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். சரி, வாங்கலாம் என்று இரண்டு பேரும் கடைக்குப் போனோம்.

கடையில் இரண்டு விதம் வைத்திருந்தார்கள். சின்னது மூன்று பேட்டரி. பிடி வைத்த பெட்டி, கழற்றித் தூக்கிப் போகலாம். ஒரு நிறைகுடம் கனம் இருக்கும். பெரியது நாலு பேட்டரி. கால் வைக்கும் பலகைக்கு அடியிலேயே பூட்டிவிடுவார்கள். கழற்ற முடியாது.

“தினம் எவ்வளவு தூரம்?” என்று கேட்டான் கடைப் பையன். கலூர் போய்த் திரும்ப வேண்டும் என்றாள் மல்லிகா. “எங்கில் வலியது எடுத்தோ சேச்சி. பாலத்தில நிக்காது” என்று பெரியதைக் காட்டினான்.

தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்று, பின்னால் லாரி வந்தால்? அந்த நினைப்பே போதுமாக இருந்தது. பெரியதையே வாங்கினோம். முன் அறையில் நிறுத்தி, தரையில் எக்ஸ்டென்ஷன் ஒயர்ப் பெட்டியைப் போட்டு, இரவெல்லாம் சார்ஜ்.

மின்சாரம் தொட்ட எல்லாவற்றையும் செங்கல் மேல் ஏற்றிய வீடு இது. இதை மட்டும் ஏன் ஏற்றவில்லை? வண்டி அல்லவா! வண்டி என்றால் தரையில்தானே நிற்கும்? அதுவும் ஃபிரிட்ஜுக்கு உறவுக்காரி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

சரி, படிக்கட்டுக்கு வருகிறேன். ஒயர்ப் பெட்டியின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. எண்ணெய்ச் சட்டியில் ஈரம் பட்டாற்போல ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சார்ஜர் வண்டி சீட்டின் மேல் இருந்து, ஒன்றும் தெரியாததுபோல எரிந்துகொண்டிருந்தது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் தடதடவென்று மல்லிகா இறங்கி வந்தாள். வண்டி நனைகிற பதற்றத்தில் என்னைத் தாண்டிக் காலை நீட்டிவிட்டாள். கையில் அகப்பட்டது அவள் பின்னல். அதைப் பிடித்து இழுத்தேன்.

“விடும்மா. ப்ளக்கைப் புடுங்கிட்டு வந்துர்றேன்.”

“கால வைக்காத.”

“வண்டி போயிரும்மா!”

“போகட்டும். நீ நில்லு.”

நின்றாள். பின்னலைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அந்தப் படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் அழுக்குத் தண்ணீர். அதில் ஒரு தேங்காய் மட்டை சும்மா மிதந்துகொண்டிருந்தது. பார்க்க எவ்வளவு சாது!

கார்ப்பரேஷனில் தெருக் கூட்டிப் பென்ஷன் வாங்கியவள் நான். எந்தத் தெருவிலும் நின்று யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. அன்று மாடி ஜன்னலுக்கு ஓடி, அடுத்த வீட்டு ரசியாவைக் கூப்பிட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும். மல்லிகாவையும் பின்னலோடு இழுத்துக்கொண்டுதான் ஓடினேன்.

எங்கள் இரண்டு வீட்டு மீட்டரும் ரசியாவின் உயரமான வாசல்படிக்கு மேலே ஒரே சுவரில் இருக்கின்றன. அவள் படியில் மர ஸ்டூலைப் போட்டாள். ஏறினாள். எது எங்கள் ஃப்யூஸ் என்று மல்லிகா கத்திக் கத்திச் சொன்னாள். நான் அவளையும் பின்னலோடு இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பி வந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அணைந்தது.

“ஊரியாச்சு சேச்சி, இனி பேடிக்க வேண்டாம்” என்று ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கத்தினாள் ரசியா. பயப்பட வேண்டாமாம்! அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் மல்லிகாவின் பின்னலை விட்டேன்.

கடைக்காரர் முனகிக்கொண்டே சின்னப் பேட்டரி வண்டியை மாற்றிக் கொடுத்தார். இப்போது மல்லிகா சாயங்காலம் வந்ததும் பெட்டியைக் கழற்றி, இடுப்பில் வைத்து மாடி ஏற்றுகிறாள். ஒரு சார்ஜில் போய்த் திரும்ப முடியாது. பகலில் தையல் கடையிலும் சார்ஜ் போட வேண்டும். முதலாளியம்மா சம்மதித்துவிட்டார்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எவ்வளவு தூரம் ஓடும் என்று கடையில் எல்லாரும் கேட்கிறோம். ஓடாத நேரத்தில் அது எங்கே இருக்கும்? அதைக் கேட்டீர்களா? பேட்டரியின் அளவை ரோட்டில் மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் வீட்டு மாடிப்படியிலும் பார்க்க வேண்டும்.

பயம் போய்விட்டதா என்கிறீர்களா? எங்கே போகும்... இடம் மாறியிருக்கிறது. கலூரில் கரண்ட் போனால் சார்ஜ் ஏறாது. பாலத்தில் வண்டி நின்றுவிடும். சாயங்காலமானால் ஜன்னலில்தான் நிற்கிறேன்.

நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வரட்டும். நேரங்கழித்து வருகிற பிள்ளைக்குச் சோற்றைச் சூடாக்கிக் கொடுக்க எனக்குத் தெரியும்.