செல்வியின் ஜடை

நேற்று தலத்தெருவில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. சரிசெய்த மெக்கானிக் மண்ணெண்ணெயில் கை கழுவினார். அந்த வாசத்தில் செல்வியின் ஜடை ஞாபகம் வந்தது. கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

செல்வி எதிர்வீட்டுக்காரி, என் வகுப்பு. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். பிரெஞ்சில் சிப்பாய்க்கு ‘சொல்தா’ என்பார்கள்; தெருவுக்கே அவர் ‘சொல்தா மாமா’. வாசலிலேயே பட்டறை. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தாலும் பள்ளிக்கூட நேரமானால் எழுந்துவிடுவார். மண்ணெண்ணெயில் ஒருமுறை, சோப்பில் இரண்டுமுறை கை கழுவி, விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் மகள் தலையைத் தொடுவார்.

“ஏண்ணே, பின்னிவுட அண்ணி இல்லையா?” என்று என் அம்மா ஒருநாள் சிரித்தாள்.

“பட்டாளத்துல கெடந்த வருஷத்துக்கெல்லாம் சேத்துப் பின்றேம்மா” என்றார்.

எவ்வளவு கழுவினாலும் ஜடையில் வாசம் மிஞ்சும். வகுப்பில் மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் அடம்பிடித்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ஒருநாள் ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து என் ஜடையில் தடவிக்கொண்டேன். அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கவில்லை.

போன வருஷம் சொல்தா மாமா இறந்தார். செல்வி அவருடைய உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது. என் அப்பா இறந்தபோது, அவர் கை எப்படி மணக்கும் என்றே எனக்குத் தெரியாது.