கடுகு நிறப் பையில் போன மெட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த கையோடு நடந்தது இது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மண்ணூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நானும் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தது வேலைக்குத்தான். செல்போன் கம்பெனி ஒன்றில் லைனில் நின்றேன். குழந்தை பிறந்த பிறகு ஷிஃப்டுக்குப் போக முடியவில்லை. ஒரு தையல் மெஷினைப் போட்டு, துணியில் கைப்பை தைத்து ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். நன்றாகவே போனது.

என் பையில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே, லைனிங் துணியோடு ஒட்டினாற்போல் ஒரு சின்ன ஜிப் இருக்கும். சொன்னால்தான் தெரியும். பஸ்ஸில் ஏறி இறங்குகிற பெண்களுக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று நானாக யோசித்து வைத்தது. அதைப் பாராட்டித்தான் நிறையப் பேர் எழுதுவார்கள்.

அப்புறம் கனடாவுக்கும் விற்கலாம் என்று ஆசை வந்தது. பைகளை மொத்தமாக அந்த நாட்டில் இருக்கும் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். ஆர்டர் வந்தால் விற்பனைத் தளத்துக்காரர்களே அங்கிருந்து அனுப்பிக்கொள்வார்கள். வாங்கியவர் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அதுவும் அதே கிடங்குக்குத்தான் போகும். பிறகு அதை என்ன செய்வது என்று நாம் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தியாவுக்குத் திரும்ப வரவழைக்கலாம். இல்லையென்றால் அங்கேயே அழித்துவிடச் சொல்லலாம்.

முதல் பை திரும்பியபோது எனக்கு மனசே கேட்கவில்லை. கிழிசல் இல்லை, கறை இல்லை, நிறம் போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையாம். அதைப் போய் எப்படி அழிப்பது? எனக்கு முன்பே இந்தத் தொழிலில் இருந்த படப்பைக்காரத் தோழி ஒருத்தி சிரித்தாள். அவள் எவர்சில்வர் டப்பாக்கள் விற்பவள்.

"அத்த இன்னாத்துக்கு இங்க வரவச்சிகினு கீற? பை விலைய விட வண்டிக் கூலி ஜாஸ்தி. ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் வேற உயிர எடுப்பான். தானா அழிச்சிடட்டும்னு செட்டிங் போட்டுட்டு வேற வேலயப் பாரு."

அவள் சொன்னது நியாயம். எல்லோரும் செய்வதுதான். நானும் அப்படியே செட்டிங் போட்டுவிட்டேன். அதன் பிறகு எந்தப் பை திரும்பினாலும் எனக்குத் தகவல் மட்டும் வரும். நானும் தைத்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்துவிடுவேன்.

தை மாதம் ஒரு காலைப்பொழுது, விற்பனைத் தளம் வழியாக, கனடாவில் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. தான் திருப்பி அனுப்பிய பைக்குள் ஒரு பொருள் மாட்டிக்கொண்டது, தயவுசெய்து உதவுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெயரைப் பார்த்தால் தமிழ்ப் பெயர். வாங்குபவரிடம் நம் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஏனோ அன்று கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் படப்பைக்கா. உங்க கடை அட்ரஸ்ல ஸ்ரீபெரும்புதூர்னு இருந்துச்சு. நம்ம ஊர்ப் பக்கமாச்சேன்னுதான் அந்தப் பைய வாங்கினேன். அது உங்க கைக்கு வந்துடுச்சாக்கா? உள்ள சின்ன ஜிப்புல எங்க அம்மாவோட மெட்டி இருக்கு."

அவள் பேசிக்கொண்டே போனாள். அம்மா ஐப்பசியில் தவறிவிட்டார்களாம். இவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி முகத்தைக்கூட வீடியோவில்தான் பார்த்திருக்கிறாள். அம்மாவின் காலிலிருந்து கழற்றிய மெட்டியை அண்ணன் எடுத்து வைத்து, கனடாவுக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினாராம். எங்கே போனாலும் கூடவே இருக்கட்டும் என்று, அப்போதுதான் வாங்கியிருந்த என் பையின் ரகசிய ஜிப்பில் போட்டு வைத்திருக்கிறாள். பையின் வார் மட்டும் அவளுக்குக் குட்டை. நல்ல உயரமான பெண். தோளில் மாட்டினால் அக்குளுக்குள் போய்விடுகிறதென்று கணவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். கைக்குழந்தையோடு அல்லாடுகிறவளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரே திருப்பி அனுப்பப் பதிந்து, பையைப் பேக் செய்து அனுப்பிவிட்டார். உள்ளே இப்படியொரு ஜிப் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"இருக்கா அக்கா?"

"இங்க வரலம்மா. அங்க கிடங்குலதான் இருக்கும். நான் பாக்கேன்" என்றேன். அழிக்கச் சொல்லியிருக்கிறேன் என்பதை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

கணக்கைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்த பைகள் என்ற இடத்தில், 'அழிப்பதற்கு அனுப்பப்படுகிறது' என்று இருந்தது. இன்னும் முடியவில்லை. உதவி மையத்துக்குப் போன் போட்டேன். முதலில் பேசிய பெண், தொடங்கிவிட்டதை நிறுத்த முடியாது என்று மரியாதையாகச் சொன்னாள். மறுபடியும் போட்டேன். வேறொரு பையன் எடுத்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இறந்துபோன ஒரு அம்மாவின் மெட்டி என்று சொன்னேன். மெட்டிக்கு ஆங்கிலம் தெரியாமல் கால்விரல் மோதிரம் என்றேன். அவன் தன் மேலதிகாரியிடம் கேட்டு வந்தான். இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிற பைகளை மட்டும் நிறுத்தி உங்களுக்கே அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றான்.

அங்கேயே ஜிப்பைத் திறந்து பார்க்கச் சொல்ல முடியாதா என்று கெஞ்சினேன். கிடங்கில் ஒரு பையைத் தேடி எடுத்து உள்ளே பார்ப்பது நடக்காத காரியம், அங்கே எல்லாமே எண்தான், ஒரே மாதிரி பைகளுக்கெல்லாம் ஒரே எண் என்றான். அதன் அர்த்தம் அன்று எனக்கு உறைக்கவில்லை. நிறுத்திவிட்டார்கள் என்ற சந்தோஷத்திலேயே இருந்தேன்.

அவளைக் கூப்பிட்டு, "பை இங்க வருதும்மா, கவலப்படாத" என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் போனிலேயே அழுதுவிட்டாள். என் கணவர்கூடக் கண்டித்தார். "ஏன் இப்பமே வாக்குக் கொடுக்க? கைக்கு வரட்டும், பொறவு சொல்லு" என்றார். நான் கேட்கவில்லை.

பெட்டி வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. விமான நிலையத்தில் சுங்கத்துறையில் நின்றுவிட்டது. இது வெளிநாட்டில் வாங்கிய சரக்கு இல்லை, நான் அனுப்பியதே திரும்பி வருகிறது என்று காட்ட, பழைய ஏற்றுமதிக் காகிதங்களை எடுத்துக்கொண்டு சுங்க ஏஜென்ட் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். அவள் தினமும் செய்தி அனுப்புவாள். சில நாள் 'சாப்பிட்டீங்களாக்கா' என்று மட்டும் இருக்கும். எதற்காக அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒருவழியாக அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்தது. அவள் வீடியோவில் இருந்தாள். மடியில் குழந்தை. பின்னால் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். என் கணவர் போனைப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் உட்கார்ந்து டேப்பை அறுத்தேன். நீலப் பைகளை ஒதுக்கி வைத்தேன். அவள் வாங்கியது கடுகு நிறம், மஸ்டர்ட் என்பார்களே அந்த அடர் மஞ்சள். பெட்டியில் கடுகு நிறத்தில் இரண்டு இருந்தன.

முதல் பையின் ஜிப்பைத் திறந்து விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை.

இரண்டாவதைத் தொட்டதுமே உள்ளே ஏதோ நெருடியது. "இருக்கு! இருக்கும்மா!" என்று கத்திவிட்டேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள். ஜிப் கொஞ்சம் சிக்கியது. இழுத்துத் திறந்து உள்ளங்கையில் கொட்டினேன்.

ஒரு குழந்தையின் ஹேர்க்ளிப். ரோஸ் நிறத்தில் ஒரு முயல்.

அவள் மெதுவாக, "அது என்னோடது இல்லக்கா" என்றாள்.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நீலப் பைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு பையின் லைனிங்கையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். "போதும்க்கா, விடுங்க" என்று அவள் சொல்லச் சொல்லத் தேடினேன். ஒரே எண் என்பதால் அவளுடையது எது என்று அங்கே யாருக்கும் தெரியாது; சில பைகளை அழிக்க எடுத்துக்கொண்டு போன பிறகுதான் என் போன் போயிருக்கிறது. நிறுத்தியது மிச்சம் இருந்ததை மட்டும். அவளுடைய பை அந்த மிச்சத்தில் இல்லை.

அன்றைக்குத்தான் அழிக்கச் சொல்லி வைத்திருந்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள், "உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவள் கணவர் கூப்பிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். "நீங்க மனச விட்றாதீங்க. பேக் பண்ணது நான்தான். பையில ஒருவாட்டி கைய விட்டுப் பாத்திருந்தா போதும். அவ என்னைய ஒரு வார்த்த கேக்கல. கேட்டுட்டாக்கூடப் பரவால்லன்னு இருக்கு" என்றார். "தங்கச்சிய நல்லாப் பாத்துக்கோங்க" என்றேன்.

பங்குனியில், அதே கடுகு நிறத் துணியில் வார் நீளமாக வைத்து ஒரு பை தைத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம்க்கா. அதப் பாத்தா எனக்குத் தாங்காது" என்றாள். கேட்டிருக்கவே வேண்டாம். என் மனசு ஆறுவதற்காகத்தான் கேட்டேன் என்பது அவள் சொன்ன பிறகு புரிந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்து, தீபாவளி வாழ்த்தோடு நின்றுவிட்டது.

இப்போது எந்தப் பையையும் அழிக்கச் சொல்வதில்லை. கனடாவுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டேன். அங்கே திரும்புவதையெல்லாம் இங்கேயே வரவழைத்துவிடுகிறேன். தோழி பைத்தியம் என்கிறாள். ஒவ்வொரு பைக்குள்ளும், திருப்பி அனுப்பும் முன் உள் ஜிப்பைப் பாருங்கள் என்று ஒரு துணிச் சீட்டும் தைத்துவிடுகிறேன். பைக்குள் உதட்டுச் சாயம், சில்லறைக் காசு, கோயில் குங்குமம் என்று ஏதாவது வரும். யாருடையது என்று தெரிந்தால் எழுதிக் கேட்பேன். முயல் க்ளிப்புக்குச் சொந்தக்காரி யார் என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாரை ஒரு சாண் நீளமாக வைத்திருக்கலாம். பை திரும்பியதாகத் தகவல் வந்த அன்றே நின்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கண்ணால் பார்க்காத ஒரு பொருளை, ஒருவர் கையில் இருந்து வந்தது என்ற நினைப்பே இல்லாமல், வேண்டாம் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபமாக எனக்குப் பழகிப் போயிருந்தது என்பதுதான், இன்றைக்கும் மெஷினில் உட்காரும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.