மூக்கு வெண்டெலும் சொட்டு மருந்தும்

ராணுவ முகாம் ஊரான ஒரோமொக்டோவில் வெண்டெல் குரௌஸ் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மூக்கு’ என்று கேட்டால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். ராணுவப் போலீஸில் சார்ஜெண்டாக இருந்த இருபது வருடமும், முகாமின் எந்த மூலையில் கஞ்சா புகைந்தாலும் மோந்து பிடித்தவர். அவரிடம் மாட்டித் தண்டனையாகப் பனி அள்ளிய சிப்பாய்களில் நானும் ஒருவன்.

கந்தஹாரில் அவர் போன வண்டிக்கு அடியில் குண்டு வெடித்தது. உயிர் தப்பியது; முதுகும் தூக்கமும் போயின. ஓய்வுபெற்ற பிறகு தினம் பதினான்கு மாத்திரை. வலிக்கு, தூக்கத்துக்கு, அவை புரட்டிய வயிற்றுக்கு. சாப்பாட்டு மேஜையிலேயே சூப்பில் முகம் கவிழ்ந்துவிடுவார். மனைவி வெர்னா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் அவர் நெற்றியைத் தாங்குவாள்.

கடைசியில் டாக்டரே கஞ்சா எண்ணெயைச் சிபாரிசு செய்தார். வெண்டெல் கோபமாக வெளியே வந்துவிட்டார். வெர்னா கார் சாவியைத் தரவில்லை.

“பதினாலு மாத்திரை முழுங்கறப்ப போகாத மானம் ரெண்டு சொட்டுலயா போயிடும்? உள்ள போங்க!”

கிளினிக்கில் அளவு சொல்லித்தரும் நர்ஸ் நான்தான். ராணுவத்தை விட்டதும் அதைத்தான் படித்தேன்.

“ரெஜான், நீயா? வேற ஆளே கெடைக்கலையா?”

“இதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி, சார்ஜெண்ட். ரெக்கார்டுலயே இருக்கு. எழுதினது நீங்கதான்.”

படுக்கும்போது நாக்குக்கு அடியில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம், மாத்திரைகளை டாக்டர்தான் குறைப்பார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வெர்னா போன் செய்தாள். “சீக்கிரம் வா. ரெண்டு சொட்டு சிப்பாய்க்குத்தான்னு சொல்லிட்டு ஒரு சொட்டுக்குழாய் பூரா வாயில விட்டுக்கிட்டாரு.”

ஓடினேன். தோட்டத்தில் சிமெண்ட் குள்ளன் பொம்மைக்கு எதிரே மண்டியிட்டிருந்தார்.

“அரைமணி நேரமா விசாரிக்கறேன், ரெஜான். வாயே தொறக்கல. யாரையும் காட்டிக்குடுக்காத நல்ல பையன்.” பிறகு இரண்டு கையையும் நீட்டினார். “என்னை அரெஸ்ட் பண்ணு. நான் கஞ்சா போட்டிருக்கேன்.”

“சட்டம் மாறிடுச்சு, இப்ப அது குத்தமில்ல சார்.”

“அப்ப நீ பனி அள்ளினது?”

“அப்ப குத்தம்.”

குள்ளனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் புல்லில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாசலில் நின்ற வெர்னா பாத்திரம் துடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். கந்தஹாருக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லையாம். அவர் புளூபெர்ரிப் பழக் கேக்கில் பாதியைத் தனியாகத் தின்றுவிட்டுத் தூங்கப் போனார்.

அதன் பிறகு அளவை மீறவில்லை. எட்டு மாதத்தில் மாத்திரை நான்காகக் குறைந்தது. கெட்ட கனவு அடியோடு போகவில்லை. வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. கஞ்சா என்ற சொல்லை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வாயால் சொன்னதில்லை.

போன வாரம் வெர்னா கிளினிக்குக்கு வந்தாள்.

“அவரு நல்லா தூங்கறாரு. அந்தக் குறட்டையில நான்தான் மாடிக்குப் போய்ப் படுக்கறேன். அதுக்கு ஏதாவது சொட்டு வெச்சிருக்கியா?”